ஈரக்கையால் அஞ்சு தரம்

கெளுத்தி மீனை வெட்ட உட்காருகிறவர்கள் முதல் வேலையாக அதன் முள்ளை ஒடித்துவிட வேண்டும் என்பது கல்முனையில் தவழுகிற பிள்ளைக்கும் தெரியும். நதீராவுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பள்ளிக்கூடம் போகிற அவசரம். முள் வலது உள்ளங்கையில் ஏறிவிட்டது. "முள்ளுத்தானே" என்று மஞ்சளைக் குழைத்து அப்பிக்கொண்டு, ஸ்கூட்டியில் ஏறி மாவடிப்பள்ளிக்குப் படிப்பிக்கப் போய்விட்டாள். இரண்டொரு நாளில் கை பணிஸ் போல வீங்கி, சீழ் பிடித்து, காய்ச்சலும் வந்து, கடைசியில் ஆஸ்பத்திரியில் மயக்கி, உள்ளங்கையைக் கீறிக் கழுவித் தைத்து அனுப்பினார்கள். ஒரு முழமில்லாத மீன் செய்த வேலை.

தையல் பிரிக்கிற அன்று புருஷன் அபுல் ஹஸனும் கூடப் போனார். அக்கரைப்பற்றில் நெல் வியாபாரம் செய்கிறவர்; கடையை அரை நாள் பூட்டிவிட்டு வந்திருந்தார். டொக்டர் சிங்களவர். தங்கமான மனுஷன், ஆனால் கையில் இருக்கிற தமிழ் கொஞ்சம்தான். முகக்கவசமும் போட்டிருந்தார். மேலே ஃபேன் கடகடவென்று சுற்றியது, வெளியே நம்பர் கூப்பிடுகிற சத்தம் வேறு. அவர் நதீராவின் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"காயம் நல்லம். இனி வீட்டுல மஸஹ் செய்யணும். ஒரு நாளைக்கு அஞ்சு தரம். விடுறது இல்ல."

ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். பிறகு, "காய விடக் கூடா. ஈரமா இருக்கணும். சரியா?" என்றார்.

நதீரா திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். புருஷன் நதீராவைப் பார்த்தார். இருவருக்கும் கண் நிறைந்துவிட்டது. ஏன் நிறையாது? காயத்துக்குக் கட்டுப் போட்டிருந்தால், தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவி வுழூச் செய்யும்போது அந்த இடத்தை மட்டும் கழுவாமல் ஈரக்கையால் மேலே ஒரு முறை தடவிவிட்டால் போதும் என்று மார்க்கத்தில் ஒரு சலுகை இருக்கிறது. அதற்குப் பெயர்தான் மஸஹ். ஐந்து நேரத் தொழுகை, ஐந்து தரம் மஸஹ், ஈரக்கை. ஒரு சிங்கள டொக்டர் இதையெல்லாம் படித்து, நோயாளி முஸ்லிம் பொம்பிளை என்று கண்டு, எடுத்துச் சொல்கிறார் என்றால் அது சின்ன விஷயமா?

அபுல் ஹஸன் அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் போன இடத்தில் இதை அவிழ்த்துவிட்டார். "நம்மட ஆக்களுக்கே மஸஹ்ட சட்டம் ஒழுங்காத் தெரியா. அந்த டொக்டர் அஞ்சு வக்துத் தொழுகைக்கும் சென்னாருகா" என்று ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்குள் அந்தச் செய்தி பக்கத்து ஊர் சாய்ந்தமருது வரைக்கும் போய்விட்டது. டொக்டருடைய பாட்டி முஸ்லிமாம் என்றுகூட ஒருவர் கண்டுபிடித்தார்.

நதீரா சொன்னதைச் செய்கிறவள். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொன்னதைச் செய், சொன்னதைச் செய் என்று தொண்டை கிழியக் கத்தினவள், தான் மட்டும் மாறி நடப்பாளா? ஒவ்வொரு வக்துக்கும் குழாயடியில் நின்று, பிஸ்மில்லாஹ் சொல்லி, இடது கை விரல்களை நனைத்து உதறி, வலது உள்ளங்கைத் தழும்பின் மேல் மெதுவாக ஒரு முறை தடவுவாள். பூனைக்குட்டியைத் தடவுகிறது போல. பிறகு ஈரம் காயுமுன் தொழப் போவாள்.

அதில்தான் முதல் குழப்பம் வந்தது. தையல் பிரித்தாயிற்று, கட்டும் இல்லை, பிறகென்ன மஸஹ் என்று அவளுக்கே ஒரு நாள் உறைத்தது. அபுல் ஹஸன் போய் மௌலவியிடம் கேட்டுக்கொண்டு வந்தார்.

"காயம் ஆறினா கழுவத்தான் வேணுமாம். மஸஹ் செய்து தொழுத தொழுகை கூடுமோ கூடாதோ எண்டு பார்க்கணுமாம்."

"அப்ப டொக்டர் சென்னது?"

"அதத்தான் மௌலவியும் யோசிக்கிறாரு. டொக்டர் சென்னா அது மருந்தாம். வணக்கம் வேற, மருந்து வேறயாம்."

"மருந்தெண்டா வுழூ இல்லாமச் செய்யிறதா, வுழூவோட செய்யிறதா?"

அபுல் ஹஸன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அத நான் கேக்கல்ல புள்ள."

கடைசியில் நதீரா தானே ஒரு வழி பண்ணிக்கொண்டாள். முதலில் கையை நன்றாகக் கழுவி வுழூச் செய்வாள், அது அல்லாஹ்வுக்கு. பிறகு தனியாக ஒரு தரம் ஈரக்கையால் தடவுவாள், அது டொக்டருக்கு. இரண்டு பேரையும் பகைக்காமல் காலம் போனது. ஆனாலும் மனசுக்குள் ஒரு நெருடல். மருந்து என்றால் தண்ணீரில் என்ன மருந்து இருக்கிறது? இதை யாரிடம் கேட்பது? டொக்டரிடம் கேட்டால் அவரைச் சோதிக்கிறது போலாகும். மௌலவியிடம் மறுபடி கேட்டால் அவர் இன்னொரு சட்டத்தைக் கிளப்புவார்.

இதற்கிடையில் வாய் இருக்கிறவர்கள் எல்லாம் டொக்டர் ஆனார்கள். அபுல் ஹஸனின் தங்கச்சி ஆகிலா வந்து தழும்பைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தாள்.

"மதினி, இதுல தண்ணி படவே கூடா. றாலு, நண்டு, கத்தரிக்கா ஒண்டும் திங்கவும் கூடா. எல்லாம் கிரந்தி. புண்ணு உள்ளுக்கால பழுக்கும்."

"டொக்டர் ஈரமா வச்சிரிக்கச் சென்னாருகா."

"அவருக்கென்ன, கையா போகப்போகுது?"

பக்கத்து வீட்டுச் சபூறா அதற்கு நேர் எதிர். தேங்காய் எண்ணெயைப் பூசி வெயிலில் காட்டச் சொன்னாள். ஆகிலா வருகிற நாளில் நதீரா கையைக் காயவைத்தாள். சபூறா எட்டிப் பார்க்கிற நேரம் எண்ணெய் பூசி வெயிலில் நீட்டினாள். டொக்டருக்காக நனைத்தாள். றாலைத் தொடவில்லை. ஒரு தழும்புக்கு எத்தனை எசமான் என்று ஒரு நாள் குழாயடியில் நின்று தனக்குத் தானே சிரித்தாள். அந்தச் சிரிப்பு வாய்க்கு வெளியே வரவில்லை.

ஏனென்றால் கை விரியவில்லை.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. காயம் ஆறும்போது இழுக்கத்தானே செய்யும் என்று நினைத்தாள். பிறகு பார்த்தால், தழும்பு சிவந்து, கயிறு போலத் தடித்து, மோதிர விரலையும் சின்ன விரலையும் உள்ளுக்கு வளைத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. தொழுகையில் சுஜூதுக்குக் குனிந்து நெற்றியை வைத்தால் உள்ளங்கை பாயில் படியவில்லை. கரும்பலகையில் எழுதச் சோக்குப் பிடிக்க முடிந்தது. அதனால் பள்ளிக்கூடம் தப்பியது. ஆனால் ஸ்கூட்டி?

அந்த ஸ்கூட்டியைப் பற்றிச் சொல்லாவிட்டால் நதீராவைப் பற்றிச் சொன்னதாகாது. மகன் கட்டாருக்குப் போன பிறகுதான் அவள் ஸ்கூட்டி ஓடப் பழகினாள். அதற்கு முன் பள்ளிக்கூடம் போக பஸ்ஸைப் பார்த்து நிற்க வேண்டும், இல்லையென்றால் அபுல் ஹஸனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் குந்த வேண்டும். அவர் கடைக்கு அந்தரப்பட்டால் இவள் பள்ளிக்கூடத்துக்கு முக்கால் மணி நேரம் முந்திப் போய்க் கேற்றடியில் நிற்பாள். அவர் பிந்தினால் இவளும் பிந்துவாள். ஸ்கூட்டி வந்த பிறகுதான் நதீரா தன் நேரத்துக்குப் புறப்பட்டாள், காரைதீவுக்குள் திரும்பித் தங்கச்சி வீட்டில் தேத்தண்ணி குடித்தாள், கடற்கரையில் நிறுத்திவிட்டுக் கொஞ்சம் சும்மா நின்றாள். சும்மா நிற்பது என்ன பெரிய விஷயமா என்று கேட்கிறவர்கள் ஒரு நாளும் பின் சீற்றில் குந்திப் போகாதவர்கள்.

அபுல் ஹஸனுக்கு அந்த ஸ்கூட்டி பிடிக்கவில்லை. மாரி காலத்தில் மாவடிப்பள்ளிக்குப் போகிற வழியில் பதிந்த பாலமாகக் கிடக்கிற தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும். வாகனத்தை அடித்துக்கொண்டு போகும். அதைச் சொல்லித்தான் முதலில் மறுத்தார். நதீரா கேட்கவில்லை. தன் சம்பளத்தில் வாங்கினாள். அவர் மூன்று நாள் பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தார்.

இப்போது முற்றத்தில் ஸ்கூட்டியில் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். எஞ்சினை முடுக்க முடிகிறது. பிறேக்கைப் பிடிக்க விரல் எட்டவில்லை. வளைந்த இரண்டு விரலும் கைப்பிடியில் ஒட்டிக்கொண்டு, மற்ற விரல்களையும் விடமாட்டேன் என்றன. பிறேக் பிடிக்க முடியாதவள் எங்கே போவது? இறங்கி உள்ளே போய்விட்டாள். மறுபடியும் பின் சீற்று. மறுபடியும் கேற்றடி.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால், முற்றத்தில் மீராசா நிற்கிறார். அபுல் ஹஸனின் கூட்டாளி. ஸ்கூட்டியின் டயரைக் காலால் தட்டிப் பார்க்கிறார்.

"டீச்சர், மகளுக்கு ஒண்டு பாக்கிறன். இது சும்மாதானே நிக்கிது?"

நதீரா புருஷனைப் பார்த்தாள். அபுல் ஹஸன் மாமரத்தைப் பார்த்தார். மீராசா போன பிறகு அவள் கேட்டாள்.

"நான் விக்கப்போறன் எண்டு ஆரு சென்ன?"

"விக்கச் சொல்லல்ல. பாக்கட்டும் எண்டுதான் சென்னன். துருப்பிடிக்குதே புள்ள."

"கை சரியாகும் மச்சான்."

"இன்ஷா அல்லாஹ்" என்றார் அவர். அந்த இன்ஷா அல்லாஹ்வைச் சில பேர் ஓம் என்பதற்குச் சொல்வார்கள், சில பேர் இல்லை என்பதற்குச் சொல்வார்கள். இது எந்த இன்ஷா அல்லாஹ் என்று நதீராவுக்கு விளங்கவில்லை. அன்று முழுக்க அதையே போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள்.

கிளினிக் நாள் வந்தது. டொக்டர் கையைப் பிடித்து விரல்களை விரிக்கப் பார்த்தார். விரியவில்லை. அவர் முகக்கவசத்துக்கு மேலே புருவம் சுருங்கியது.

"நான் சொன்னது செய்யல்லையா?"

"செய்தன் டொக்டர். ஒரு நாளும் விடல்ல."

"பொய் சொல்ல வேணாம் அம்மா. செய்திருந்தா இப்படி வராது. இப்படியே இருந்தா திரும்ப வெட்டணும்."

நதீராவுக்குக் காது இரண்டும் கொதித்தது. பொய்யா? அவள் சொன்னது பொய்யா? ஒரு வகுப்புப் பிள்ளைகளையே பொய் சொல்லாதே என்று முழந்தாளில் வைத்தவளை, நேர்ஸ்மாரும் நோயாளிகளும் பார்க்க, பொய் சொல்கிறாய் என்கிறார். வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். திரும்ப வெட்டுவதா? ஐந்து வக்தும் நின்று நின்று செய்தேனே, அல்லாஹ் பார்த்துக்கொண்டுதானே இருந்தான்? அப்படியென்றால் தடவியதில் என்ன பிழை? வுழூவுக்குப் பிறகு தடவியது பிழையோ? மௌலவி சொன்னதைக் கேட்டதுதான் பிழையோ? கண்ணில் தண்ணீர் முட்டியது. டொக்டர் ஏதோ எழுதி, உடற்பயிற்சி அறைக்குப் போகச் சொன்னார்.

அங்கே பயிற்சி கொடுக்கிற வேலையில் கேசினி என்று ஓர் இளம் பிள்ளை இருந்தாள். கல்முனைப் பிள்ளைதான், கோயிலடிப் பக்கம். நதீராவின் முகத்தைப் பார்த்தவுடன் கதிரையை இழுத்துப் போட்டாள். அபுல் ஹஸன் வாசலில் நின்றார்.

"அழாதீங்க அக்கா. நீங்க வீட்டுல எப்பிடிச் செய்தீங்க எண்டு எனக்கு ஒருக்காச் செய்து காட்டுங்க."

"கொஞ்சம் தண்ணி தாங்க."

குடிக்கத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக் கேசினி போத்தலை நீட்டினாள். நதீரா அதிலிருந்து இடது கையில் ஊற்றி, உதறி, பிஸ்மில்லாஹ் சொல்லித் தழும்பின் மேல் மெதுவாக ஒரு முறை தடவினாள். பிறகு போத்தலை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

கேசினி காத்திருந்தாள். நதீராவும் காத்திருந்தாள்.

"மறுகா?" என்றாள் கேசினி.

"அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"ஓம். அஞ்சு வக்துக்கும்."

"டொக்டர் உங்களுக்கு என்ன செய்யச் சென்னாரு?"

"மஸஹ்."

"என்னது?"

"மஸஹ். நாங்க தொழுறதுக்கு முன்னால ஈரக்கையால தடவுற. அத டொக்டரே சென்னாரு."

கேசினி ஒரு நிமிஷம் கூரையைப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். சிரிப்பை விழுங்க அந்தப் பிள்ளை பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

"அக்கா, அவரு சென்னது மஸாஜ். தழும்ப அமத்தித் தேய்க்கிற மஸாஜ். ஈரம் எண்டது கிறீம் போடச் சென்னது."

"இல்லகா" என்று வாசலில் நின்ற அபுல் ஹஸன் சொன்னார். "நானும் பக்கத்துலதான் இரிந்தன். டொக்டர் மஸஹ் எண்டுதான்..." என்று தொடங்கி, வாய்க்குள் இரண்டு சொல்லையும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தார். மஸஹ். மஸாஜ். மஸஹ். பிறகு பக்கத்திலிருந்த கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தார். பாவம், சாய்ந்தமருது வரைக்கும் போன செய்தி அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

நதீராவுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. எதை முதலில் வெளியே விடுவது என்று தெரியாமல் மூன்றையும் அடக்கிக்கொண்டாள். கோபம் யார் மேல்? டொக்டர் சரியாகத்தான் சொன்னார். மௌலவியும் சரியாகத்தான் சொன்னார். அவளும் ஒரு நாள் விடாமல் செய்தாள். எல்லோரும் சரி, கைதான் பிழை.

"பிந்தினதுதான். ஆனா இளகும்" என்றாள் கேசினி. "திரும்ப வெட்டாமத் தப்பலாம். நல்லா நோகும், அதச் சொல்லித்தான் ஆகணும்." கிறீமைப் பூசித் தன் பெருவிரலைத் தழும்பில் வைத்து அழுத்தி வட்டமாக உருட்டினாள். நதீராவுக்கு உயிர் தோள்வரை ஏறி இறங்கியது. "இந்தா பாருங்க, என்ட நகம் வெளுக்குதே? அந்தளவுக்கு அமத்தணும். நீங்களாச் செய்தா நோவுக்குப் பயந்து விட்டிருவீங்க. வீட்டுல ஆரும் செய்யட்டும்."

வீட்டில் ஆர் இருக்கிறார்கள்? அபுல் ஹஸன்தான் இருக்கிறார்.

மோட்டார் சைக்கிளில் திரும்பி வந்து வீட்டு வாசலில் இறங்கும்போது அவர், "இத ஆகிலாக்கிட்டச் சொல்லிராத" என்று மட்டும் சொன்னார்.

அவரும் ஒரு நாள் தவறாமல் அஞ்சு தரம் செய்தார். காலையில் எழும்பியவுடன், கடைக்குப் போகுமுன், பகல் சாப்பாட்டுக்கு வந்து ஒரு தரம், கடை பூட்டி வந்த பிறகு, படுக்குமுன். கிறீமைப் பூசி, அவள் கையை மடியில் வைத்துத் தேய்த்தார். நதீராவுக்கு நோகவில்லை. அதுதான் அவளைக் குழப்பியது. கேசினி செய்தபோது உயிர் போனது. இவர் செய்தால் சுகமாக இருக்கிறது, தூக்கம்கூட வருகிறது. முப்பது வருஷம் வாழ்ந்து இந்தக் கையை இவ்வளவு நேரம் பிடித்தவரில்லை. இந்தச் சுகத்தை வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. ஆனால் விரல் அசையவில்லை. தேய்க்கும்போது அவருடைய நகத்தைப் பார்த்தாள். செக்கச் சிவப்பாக இருந்தது. மறுநாளும் பார்த்தாள். அதே சிவப்பு.

இரக்கத்தில் அழுத்தாமல் விடுகிறாரா? இல்லை, மீராசாவை நினைத்துக்கொண்டு விடுகிறாரா? நல்ல மனுஷன்தான், தெரியும். ஆனால் நல்ல மனுஷனுக்கும் மனசுக்குள் பெண்சாதிக்கென்று ஒரு பின் சீற்று இருக்குமே. அவளுக்கு அவரைத் திட்டுவதா, கட்டிப் பிடிப்பதா என்றே விளங்கவில்லை. வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் போய் வந்து அவர் கையைப் பிடித்தபோது நேராகக் கேட்டுவிட்டாள்.

"மச்சான், ஒண்டு கேக்கிறன், உண்மையச் சொல்லுங்க. என்ட கை விரியணும் எண்டு நீங்க அல்லாஹ்க்கிட்ட துஆக் கேட்டீங்களா?"

அவருடைய பெருவிரல் நின்றுவிட்டது.

"இதென்ன கேள்வி?"

"கேட்டீங்களா, இல்லையா?"

அவர் கிறீம் டப்பாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"கை நோகக்கூடா எண்டு கேட்டன்" என்றார் கடைசியில். "ஒவ்வொரு வக்துலயும் கேட்டன். விரியணும் எண்டு கேக்கல்ல."

"ஏன்?"

"நீ அந்தத் தாம்போதிக்கு மேலால போய் வாற வரைக்கும் எனக்குக் கடையில நெல்லு நிறுக்க ஏலா புள்ள. தராசப் பாக்கிறன், முள்ளு எங்க நிக்கிது எண்டு தெரியிதில்ல. கை இப்பிடி ஆன பிறகுதான் எனக்கு மூச்சு வந்திச்சி. அது பாவம் எண்டும் தெரியும். தெரிஞ்சிதான் இரிந்தன்."

நதீரா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவி மனுஷன், இதை இவ்வளவு நாளும் எங்கே வைத்திருந்தான்? கோபம் நெஞ்சு வரைக்கும் வந்தது. வந்த வேகத்தில் அழுகையாக மாறியது. அவருக்குப் பயம் என்பது அவளுக்குத் தெரியும். பயம் இவ்வளவு என்பது தெரியாது. ஆனால் அதற்காக அவள் கையை மடக்கிக்கொண்டு இருக்க முடியுமா? முடியாது. அந்த ஒன்றில் மட்டும் அவளுக்குக் குழப்பமே இல்லை.

"தாம்போதியில தண்ணி பாஞ்சா அண்டைக்கு நான் போகமாட்டன். அல்லாஹ் மேல ஆணையாச் சொல்றன்" என்றாள். "மத்த நாளைக்குப் போவன். நீங்க பயந்தாலும் போவன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை மறுபடி அவர் மடியில் வைத்தாள்.

"இப்ப அமத்துங்க."

அவர் பெருவிரலைத் தழும்பில் வைத்தார். வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு அழுத்தினார். நதீராவுக்குப் பல் கிட்டிக்கொண்டது. "உம்மா" என்று ஒரு சத்தம் அவளை அறியாமல் வந்தது.

"நோகுதா?"

"நோகுது."

"விடவா?"

"விடாதீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய கண்ணீர் அவள் மணிக்கட்டில் விழுந்தது. ஆனால் விரலை எடுக்கவில்லை.